ஓட்டிசப் பிள்ளைக்கு பிசியோ: பெரியாஸ்பத்திரியா, தனியாரா, கொழும்பா, வீடா?

திருகோணமலைப் பெற்றோரிடமிருந்து வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கிறது. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொல்லிவிட்டார், பேச்சுப் பயிற்சிக்கு அலைந்துகொண்டிருக்கிறோம், இதற்குள் பிள்ளை நுனிக்காலில் நடக்கிறான், படி இறங்கப் பயப்படுகிறான், பந்தைப் போட்டால் பிடிக்கத் தெரியவில்லை. யாரோ 'பிசியோவிடம் காட்டுங்கள்' என்கிறார்கள். எங்கே காட்டுவது? பெரியாஸ்பத்திரியிலா, காசு கொடுத்துத் தனியாரிடமா, கொழும்புக்கே கொண்டுபோவதா, போனில் வீடியோ வழியாகவா, இல்லை வீட்டிலேயே நாங்கள் செய்துவிடலாமா?

ஐந்து வழியையும் பார்ப்போம். அதற்கு முதல் பிசியோவால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த வழியில் போனாலும் ஏமாற்றம்தான்.

## பிசியோ எதற்கு

ஓட்டிசமா என்று தீர்மானிக்கும்போது டொக்டர்கள் பார்ப்பது பிள்ளை பேசிப் பழகும் விதம், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவற்றை எடுத்துக்கொள்ளும் விதம். நடையும் சமநிலையும் அந்த அளவுகோல்களில் இல்லை. அதனால் கை கால் பக்கம் கவனம் போவது குறைவு. ஆனால் சிரமம் அங்கேயும் இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பேராசிரியராக இருக்கும் அஞ்சனா பட் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 15 வயது வரையான 11,000க்கும் மேற்பட்ட ஓட்டிசப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேள்வித்தாள் மூலம் கேட்டிருந்தார்கள். 80 வீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடலசைவுச் சிரமம் இருக்கக்கூடும் என்று வந்தது. பிசியோ கிடைத்தவர்களோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெற்றோர் சொன்னதை வைத்துச் செய்த கணக்குத்தான், டேப் பிடித்து அளந்ததல்ல. என்றாலும் பெற்றோர் சொல்வதை நான் இலேசில் தள்ளமாட்டேன்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? தசை தொளதொளவென்று இருக்கும், மூட்டு அளவுக்கு மீறி வளையும். கதிரையில் கொஞ்ச நேரம் நேராக இருக்க முடியாமல் மேசையில் சாய்ந்துவிடும் (முன்பள்ளியில் இதைத்தான் 'குழப்படி', 'சோம்பல்' என்கிறார்கள்). இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வராது. படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அடுத்த படிக்குப் போகும். மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து அதே அசைவைச் செய்யச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும். பிள்ளையின் பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விரல் பக்கம் தேய்ந்து வழுவழுவென்றும் குதிப் பக்கம் கடையில் வாங்கிய கோடுகளோடு அப்படியேயும் இருந்தால், 'எப்பவாவது நுனிக்காலில் நடப்பான்' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எப்போதும் நடக்கிற சங்கதி.

பிசியோவின் வேலை இதில்தான். உடலின் நடுப்பகுதிக்கு வலு, சமநிலை, கெண்டைக்கால் இறுகாமல் பார்த்துக்கொள்வது, குதிப்பது, ஏறுவது, பந்து, சைக்கிள். ஓட்டிசத்தை அது மாற்றாது. பேச்சு வரவைக்கவும் அது வழியல்ல. கையை உதறுவதையும் ஆடிக்கொண்டிருப்பதையும் 'நிறுத்தித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அவரிடம் போகவேண்டாம். பிள்ளை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அது, அதைப் பிடுங்குவதில் யாருக்கும் லாபமில்லை.

இன்னொன்று. சில அறிகுறிகளுக்கு முதலில் பார்க்கவேண்டியவர் டொக்டர், பிசியோ அப்புறம்தான். ஏற்கெனவே நடந்த பிள்ளை நடை குறைந்து வருவது, உடலின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக அல்லது விறைப்பாக இருப்பது, நிலத்திலிருந்து எழும்பும்போது கையால் தொடையைப் பிடித்துப் பிடித்து ஏறுவது, கெண்டைக்கால் வழமைக்கு மாறாகத் தடித்திருப்பது. இவையெல்லாம் தசை நோயாகவோ மூளை நரம்புப் பிரச்சினையாகவோ இருக்கலாம். 'ஓட்டிசம்தானே, அதுதான் நுனிக்கால்' என்று விட்டுவிடக்கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லாரும் முதலில் கேட்பது எங்கே நல்ல ஆள் இருக்கிறார் என்று. நான் முதலில் கேட்பது வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி நடக்கப்போகிறது என்று. உடலசைவு என்பது அந்த அசைவையே திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். மாதத்தில் ஒரு தரம் மிகக் கெட்டிக்காரர் செய்வதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அம்மா கொஞ்ச நேரம் சரியாகச் செய்வது கூடப் பலன் தரும்.

அதிலிருந்தே இரண்டாவது கேள்வி வருகிறது: பெற்றோரை உள்ளே விடுவார்களா, சொல்லித் தருவார்களா? கதவைச் சாத்திவிட்டு 'நீங்கள் வெளியே இருங்கள், பிள்ளை உங்களைப் பார்த்தால் அழுவான்' என்று சொல்லும் இடம் ஓரிரு நாளுக்குச் சரி. ஒரு மாதம் கழித்தும் அதுவே என்றால் எவ்வளவு பெயர் போன இடமாக இருந்தாலும் எனக்கு அது நட்டம்.

மூன்றாவது, பிள்ளைகளோடு, அதிலும் ஓட்டிசப் பிள்ளைகளோடு பழகிய கையா என்பது. நாலாவது மொழி. ஐந்தாவது, அந்த இடத்தையும் பயணத்தையும் பிள்ளை தாங்குமா. கடைசியாகச் செலவு. செலவு என்றால் ஃபீஸ் மட்டுமில்லை, ஆட்டோ, போன நாளின் சம்பளம், மற்றப் பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது, திரும்பி வந்து பிள்ளை இரண்டு நாள் நித்திரை கெட்டுக் கிடப்பது, எல்லாமும்தான்.

## ஆஸ்பத்திரி கிளினிக்

காசு இல்லை. இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகமுடியாது, வருடக்கணக்கில் போகவேண்டிய விஷயம் இது. அடுத்த பெரிய நன்மை, பிசியோவுக்குப் பக்கத்திலேயே பிள்ளை டொக்டர், எலும்பு டொக்டர், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் இருப்பது. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தெரிந்தால் அதே கட்டடத்தில் அடுத்த ஆளிடம் அனுப்பலாம். பேச்சும் பெரும்பாலும் தமிழில் நடக்கும்.

மறைந்த செலவு காத்திருப்பு. பொது ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவு என்றால் பாரிசவாதம் வந்த ஐயா, கால் முறிந்த பொடியன், முதுகுவலிக்காரர் எல்லாரும் ஒரே வரிசையில்தான். மின்விசிறியின் இரைச்சல், பெயர் கூப்பிடும் சத்தம், மருந்து மணம். ஒன்றரை மணித்தியாலம் இதற்குள் இருந்துவிட்டு உள்ளே போகும் பிள்ளையிடம் எந்தப் பிசியோவாலும் பத்து நிமிடத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. அப்போது 'ஒத்துழைப்பு இல்லை' என்று கொப்பியில் எழுதப்படும், நமக்கு எரிச்சல் வரும், ஆனால் குற்றம் பிள்ளையுடையதும் இல்லை பிசியோவுடையதும் இல்லை. அரச சேவையில் இடமாற்றமும் உண்டு, பிள்ளை ஒரு முகத்தோடு பழகி முடிக்கும்போது அவர் வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பார்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. முதல் தடவை பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் போய், கூட்டம் குறைந்த நேரம் எது, அந்த நேரத்துக்கு வரலாமா என்று கேளுங்கள். கேட்டால் மிஸ்மார் பெரும்பாலும் ஏதாவது செய்வார்கள். அறையை, ஏணிப்படியை, பெரிய பந்தைப் போனில் படம் எடுத்து வந்து முதல் நாள் இரவே பிள்ளைக்குக் காட்டுங்கள். போனதும் 'இன்றைக்கு இரண்டு அசைவு மட்டும் எனக்குச் சொல்லித் தாருங்கள், அடுத்த முறை செய்து காட்டுகிறேன்' என்று கேளுங்கள். நேரமில்லாத பிசியோவுக்கு இதைவிட நல்ல வேண்டுகோள் இல்லை.

யாருக்குப் பொருந்தும்: முதல் மதிப்பீடு செய்யவேண்டிய எல்லாருக்கும். நடையில் சந்தேகம் உள்ளவர்களுக்குக் கட்டாயம்.

## தனியார் பிசியோ, வீட்டுக்கு வருபவர்

உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருப்பவருக்கு ஆள் கிடைப்பது ஒரு மாதிரி, புல்மோட்டையிலோ மூதூரிலோ இருப்பவருக்கு இன்னொரு மாதிரி. தூரக் காசும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஆனால் வீட்டுக்கு வருபவர் பார்ப்பது பிள்ளையின் உண்மையான உலகம். குளியலறைப் படி, கிணற்றடி, பிள்ளை ஏறப் பயப்படும் அந்த மூன்று படி, எப்போதும் ஒரே மாதிரி காலை மடித்து இருக்கும் பாய். கிளினிக்கில் நுரைப் படியில் ஏறப் பழகிய பிள்ளை வீட்டுச் சீமெந்துப் படியில் திரும்பவும் நின்றுவிடுவது சாதாரணம். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். வீட்டிலேயே கற்றால் அந்தத் தொல்லை பாதிக்குப் பாதி குறையும்.

பார்த்துக்கொள்ள வேண்டியவை: அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த பிசியோவா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மசாஜ் தெரிந்தவரும் ஜிம் பயிற்சியாளரும் பிசியோ அல்ல. பெரியவர்களை மட்டும் பார்த்துப் பழகியவர் பிள்ளையைப் பிடித்து அமுக்கி நீட்டுவார், பிள்ளை கத்தும், அடுத்த வாரம் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடும். ஓட்டிசப் பிள்ளைகளோடு பழகியவர் முதல் நாள் பிள்ளையைத் தொடவேமாட்டார், பக்கத்தில் இருந்து அது விளையாடுவதை விளையாடுவார். முதல் நாள் 'ஒன்றும் செய்யவில்லை, சும்மா விளையாடிவிட்டுக் காசு வாங்கிப் போனார்' என்று நினைக்கவேண்டாம், அதுதான் வேலை.

அடுத்தது பாக்கேஜ். முப்பது அமர்வுக்கு முன்கூட்டியே காசு கட்டினால் கழிவு என்பார்கள். நான் கட்டமாட்டேன். நாலு அமர்வுக்குக் கட்டிப் பாருங்கள், இலக்கு என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'சமநிலை முன்னேறும்' என்பது இலக்கு அல்ல. 'கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படிக்கு ஒரு கால் வைத்து இறங்குவான்' என்பது இலக்கு.

## கொழும்பு, ராகம, பேராதனை

ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான ஆயதி நிலையம், பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் ஆஸ்பத்திரி. பல துறைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் பிள்ளையைப் பார்ப்பது இந்த இடங்களின் பலம். பேச்சுப் பயிற்சியாளர், தொழிற்சிகிச்சையாளர் (உடுப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குபவர்), பிசியோ, டொக்டர் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் பெற்றோர் தூதுவராக அலையவேண்டியதில்லை.

ஆனால் கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறு ஏழு மணித்தியாலம். பேராதனை கிட்ட, 180 கிலோமீற்றரளவு, ஆனால் வழியில் வளைவுகள், வயிறு கலங்கும் பிள்ளைக்கு அதுவே போதும். இரவுப் பயணம் என்றால் பிள்ளை நித்திரை கொள்ளும் என்று கணக்குப் போடுவோம், தன் தலையணையும் தன் மூலையும் இல்லாமல் கண் மூடாத பிள்ளைக்கு அந்தக் கணக்கு சரிவராது. காலையில் களைத்துப்போன பிள்ளையைத்தான் அவர்கள் மதிப்பிடுவார்கள். உண்மையில் செய்யக்கூடியதில் பாதியைக்கூட அன்று செய்து காட்டாது. முடிந்தால் முதல் நாளே போய் உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள், வீட்டில் அவன் நடப்பது, குதிப்பது, படி ஏறுவது எல்லாம் போனில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மொழியையும் யோசியுங்கள். சிங்களத்தில் கட்டளை கேட்டுப் பழகி, வீட்டில் அதே அசைவுக்குத் தமிழில் கட்டளை கேட்டால், ஏற்கெனவே வார்த்தைக்குத் திணறும் பிள்ளைக்கு அது இரட்டை வேலை. முதலிலேயே சொல்லிவிடுங்கள், கட்டளைகளை நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், அவர்கள் செய்து காட்டட்டும்.

யாருக்குப் பொருந்தும்: குதிநாண் (கெண்டைக்காலைக் குதியோடு இணைக்கும் நாண்) இறுகிவிட்டது, பிளாஸ்டர் போட்டுப் போட்டு நீட்டவேண்டும் என்ற நிலைமை, நோய் என்னவென்று இன்னும் தெளிவில்லாத பிள்ளை, ஆறு மாதம் இங்கே செய்தும் முன்னேற்றமே இல்லாத பிள்ளை. ஒழுங்கான வாராந்தப் பயிற்சிக்குக் கொழும்பு என்றால், அங்கேயே குடிபோனால் ஒழிய, என்னைக் கேட்டால் வேண்டாம்.

## போனில் வீடியோ வழி

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து தமிழிலேயே பேசிச் சொல்லித் தருபவர்கள் உண்டு. பெற்றோரைப் பழக்க இது நல்ல வழி, ஏனென்றால் இதில் பெற்றோரைத் தவிர வேறு கையே இல்லை. குறை ஒன்று: தசையின் இறுக்கத்தைத் திரை வழியாகத் தொட்டுப் பார்க்க முடியாது. கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று நேரில் ஒருவர் அளந்தபிறகுதான் இது சரி. நேரலையை விட, பிள்ளை வெறுங்காலோடு நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் மெதுவேக வீடியோவாக எடுத்து முன்கூட்டியே அனுப்புவது கூடப் பயன். கமராவுக்கு முன் இந்தப் பிள்ளைகள் கேட்டபோது நடந்து காட்டமாட்டார்கள்.

## வீடும் கடற்கரையும்

யூடியூப் மட்டும் பார்த்துத் தொடங்குவதை நான் ஆதரிக்கவில்லை, நீட்டக்கூடாத மூட்டை நீட்டிவிடுவோம். ஆனால் ஒரு தடவை ஒழுங்காக மதிப்பிட்டுச் சொல்லித் தந்தபிறகு, திருகோணமலையை விட நல்ல பயிற்சிக்கூடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

உப்புவெளியில் தண்ணீர் இறங்கிப்போன ஈர மணலில் பிள்ளையை நடக்கவிட்டுத் திரும்பிப் பாருங்கள். நுனிக்காலில் நடக்கும் பிள்ளை என்றால் விரலும் முன்பாதமும் மட்டும் பதிந்திருக்கும், குதி இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று கிடக்கும். ஒவ்வொரு மாதமும் அந்தத் தடத்தைப் படம் எடுத்து வைத்தால் அதுவே உங்கள் அளவுப் பதிவு, எந்த பிசியோவும் அதைப் பார்த்துச் சந்தோசப்படுவார். உலர்ந்த மணலில் நடப்பது காலுக்கு வலு. வாளியில் ஈர மணல் நிரப்பித் தூக்கிப் போவது முதுகுக்கும் வயிற்றுக்கும் வேலை, அந்தக் கனத்தில் சில பிள்ளைகள் அமைதியாகிவிடுவதையும் பார்க்கலாம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் சாய்வில் குதியை ஊன்றி மெதுவாக ஏறினால் கெண்டைக்கால் நீளும். கோட்டைக்குள் மான் நிற்கும், மானைப் பார்க்கப் போகிறோம் என்றால் 'எக்சசைஸ்' என்று சொல்லவே தேவையில்லை. காலையில் போங்கள், பூசை மணியும் கூட்டமும் இல்லாத நேரமாக. மதியம் கல் சுடும்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020 இல் புதுப்பித்த அந்த வழிகாட்டல் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அறுபதையும் ஒரேயடியாகச் செய்யவேண்டியதில்லை.

கடல் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஓட்டிசப் பிள்ளைகளில் பலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போகும் பழக்கம் உண்டு, அதில் தண்ணீரை நோக்கிப் போகிறவர்கள் அதிகம், நீரில் மூழ்குவது அவர்களுக்குப் பெரிய ஆபத்து. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இந்தப் பக்கக் கடல் அமைதி என்றாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், போன் பையில். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் ஈர மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு அம்மாதான். சமையல், மற்றப் பிள்ளையின் பாடம், பேச்சுப் பயிற்சி, இதற்கு மேல் பிசியோவும் அவர் தலையில். அப்பாவும் அம்மம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு அசைவை எடுத்துக்கொண்டால் ஒழிய, மூன்றாவது மாதத்தில் இது நின்றுபோகும்.

## ஒரே பார்வையில்

| வழி | பயிற்சி எத்தனை தரம் | பெற்றோர் கற்க | மறைந்த செலவு | எப்போது இதுவே சரி |
|---|---|---|---|---|
| ஆஸ்பத்திரி கிளினிக் | மாதத்தில் சில தரம் | கேட்டால் கிடைக்கும் | காத்திருப்பு, சத்தம், இடமாற்றம் | முதல் மதிப்பீடு, நடைச் சந்தேகம் |
| தனியார், வீட்டுக்கு | வாரம் ஒன்று இரண்டு | நன்றாக | தூரக் காசு, பாக்கேஜ் | வெளியிடம் தாங்காத பிள்ளை |
| கொழும்பு, பேராதனை | வருடத்தில் ஓரிரு தரம் | குறைவு | பயணம், சம்பளம், நித்திரை, மொழி | சிக்கலான நிலைமை, இரண்டாவது கருத்து |
| வீடியோ வழி | வாரம் ஒன்று | மிக நன்றாக | தொட்டுப் பார்க்க முடியாது | மதிப்பீடு முடிந்தபிறகு, தூரக் கிராமம் |
| வீடும் கடற்கரையும் | தினமும் | அதுவேதான் | அம்மாவின் உடம்பும் மனமும் | எல்லாருக்கும், தனியாக அல்ல |

## நான் எப்படிச் சேர்ப்பேன்

காசு இறுக்கமாக இருக்கும் குடும்பம் என்றால்: ஆஸ்பத்திரியில் மதிப்பீடு, அங்கேயே இரண்டு அசைவு கற்றுக்கொண்டு வீட்டில் தினமும், மாதத்தில் ஒரு தரம் காட்டித் திருத்திக்கொள்வது. கொஞ்சம் காசு ஒதுக்கலாம் என்றால் தனியாருக்கு வாரா வாரம் கொடுப்பதை விட, முதல் மாதம் நெருக்கமாக வரவைத்துப் பழகிவிட்டு, பிறகு மாதம் ஒரு தரமாகக் குறைத்து, மிச்சத்தை ஒரு நல்ல சைக்கிளுக்கு வைப்பேன். மிதியை முதலில் கழற்றிவிட்டு, பிள்ளை காலால் தள்ளித் தள்ளிச் சமநிலை பழகட்டும். குச்சவெளி, மூதூர், தம்பலகாமம் பக்கம் இருப்பவர்கள் நகரத்துக்கு வரும் நாளை டொக்டர் கிளினிக்கோடு சேர்த்துக்கொண்டு, இடையில் வீடியோவை நம்பலாம்.

எந்த வழியானாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எழுதிய இலக்கைப் பாருங்கள். எட்டியிருந்தால் புது இலக்கு, எட்டவேயில்லை என்றால் ஆளையோ முறையையோ மாற்றுங்கள். பிள்ளை ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே வந்தால் அதுவும் ஒரு பதில்தான். பிள்ளை ஓடவும் ஏறவும் பந்து விளையாடவும் தொடங்கிவிட்டால் பிசியோவை நிறுத்திவிடலாம், இது வாழ்நாள் முழுக்க எடுக்கும் மருந்தல்ல. நுனிக்கால் நடை இருந்த பிள்ளையை மட்டும், பயிற்சி நின்றபிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கணுக்காலை அளக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை கிடுகிடுவென்று உயரும் காலத்தில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாது, விட்ட இறுக்கம் அப்போதுதான் திரும்ப வரும்.